எறும்பும் அரசனும்

1950 ஆம் ஆண்டு யூலை மாதம் 16 ஆந் திகதி, பிறேசில் நாட்டின் றியோ டி ஜெனீரோ நகரிலே, அப்பொழுதுதான் புதிதாகக் கட்டப்பெற்றிருந்த மரக்கானா அரங்கில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்கள் கூடியிருந்தனர். உலகக் கிண்ண உதைபந்தாட்டத் தொடரின் முடிவை நிர்ணயிக்கும் ஆட்டம் அது. உருகுவே அணியுடன் சமநிலை கண்டாலே பிறேசிலுக்குக் கிண்ணம் உறுதி. இடைவேளைக்குப் பின்னர் முதற் கோலும் பிறேசிலுக்கே கிடைத்தது. ஆயினும் ஆட்டம் முடிந்தபோது உருகுவே இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றிருந்தது. அரங்கிலே காவற் கடமைக்கு நிறுத்தப்பட்டிருந்த இராணுவத்தினருள் 18 வயது இளைஞர் ஒருவரும் இருந்தார். அவர் பெயர் மாரியோ சகாலோ. மக்கள் வாயடைத்து நின்றதையும் வாய்விட்டு அழுததையும் கண்ணெதிரே கண்ட அவ்விளைஞர், எட்டு ஆண்டுகளின் பின்னர் உலகக் கிண்ணத்தை வென்ற பிறேசில் அணியின் இடப்பக்க முன்னணி வீரராகவும், இருபது ஆண்டுகளின் பின்னர் அவ்வணியின் பயிற்றுநராகவும் விளங்கினார். வீரராகவும் பயிற்றுநராகவும் உலகக் கிண்ணத்தை வென்ற முதல் மனிதர் அவரே.

அன்றைய தோல்வி எவ்வழியாக வந்தது என்பதை நோக்குதல் பயனுடையது. உருகுவேயின் இரண்டு கோல்களும் ஒரே பாதையால் வந்தவை. அவ்வணியின் வலப்பக்க முன்னணி வீரர் கிஜ்ஜா, பிறேசிலின் இடப்பக்கக் காவலராகிய பிகோட் என்பவரைக் கடந்து ஓடினார். முதன்முறை அவர் குறுக்கே அனுப்பிய பந்தைச் ஸ்கியாபினோ கோலாக்கினார். இரண்டாம் முறை அதே பாதையால் வந்தபோது, மீண்டும் குறுக்கேதான் அனுப்புவார் என்று எண்ணிக் கோல் காப்பாளர் பார்போசா ஓரடி விலகினார். கிஜ்ஜாவோ அவருக்கும் கம்பத்துக்கும் இடையே பந்தை உதைத்துவிட்டார். நாடு முழுவதும் பார்போசாவையே பழித்தது. 2000 ஆம் ஆண்டில் இறக்கும்வரை அப்பழி அவரை விட்டு நீங்கவில்லை. ஆனால் ஆராய்ந்து கேட்க வேண்டிய கேள்வி வேறு. பிகோட் ஒருமுறை முறியடிக்கப்பட்டபின், அவருக்குத் துணையாக விரைந்திருக்க வேண்டியவர் யார்? முன்னே நின்றவரா, பக்கத்தே நின்றவரா, பின்னே நின்றவரா? ஒரே பாதை சில நிமிட இடைவெளியில் இருமுறை திறந்து கிடந்தமையால், அக்கேள்விக்கு அணியிலிருந்த அனைவரும் ஒரே விடையை வைத்திருக்கவில்லை என்று கருத இடமுண்டு.

காவற் பணியிலே யாருக்கு எது கடமை என்று வகுக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்பதை எவரும் இலகுவில் ஏற்றுக்கொள்வர். தாக்குதல் ஆட்டம் என்று வரும்போது மட்டும் பலருடைய எண்ணம் மாறிவிடுகின்றது. தாக்குதல் கலைஞரின் பகுதி. அங்கே கற்பனைக்கே இடம். கடமையைப் பங்கிட்டுக் கொடுத்தாற் கற்பனை சுருங்கிவிடும் என்பர். சிறந்த வீரர்களைத் தேர்ந்து முன்வரிசையிலே நிறுத்திவிட்டால், எஞ்சியதை அவர்களுடைய மேதைமை பார்த்துக்கொள்ளும் என்பது பார்வையாளர் மேடையிலே பெரிதும் கேட்கும் வாதம். பிறேசிலின் ஆட்டத்தையே அதற்குச் சான்றாகக் காட்டுவர். அந்தச் சான்றை நுணுகி நோக்குமிடத்து அது எதிர்மாறான முடிவுக்கே இட்டுச் செல்கின்றது.

தாக்குதலின்போது பந்தைக் கொண்டிருப்பவருக்கு வாய்க்கும் காலம் மிகச் சிறியது. எதிரணிக் காவலர் நெருங்குவதற்கிடையில் அவர் பந்தை அடக்கவும், தலைநிமிர்ந்து பார்க்கவும், தீர்மானிக்கவும், உதைக்கவும் வேண்டும். இவற்றுள் அதிக காலத்தை விழுங்குவது பார்த்துத் தீர்மானித்தலேயாம். தன் தோழன் எங்கே ஓடுவான் என்பது முன்னரே தெரிந்திருந்தால், பார்வைக்குச் செலவாகும் காலத்தின் பெரும்பகுதி மிச்சமாகும். அம்மிச்சமே நல்ல தாக்குதலின் மூலதனம். ஒருவருடைய பங்கு தெளிவாயிருத்தல் அவருக்கு மாத்திரம் பயன்தருவதன்று. அவரைச் சூழ்ந்திருக்கும் பதின்மருக்கும் அது பயன்தருகின்றது.

இடத்தைப் பற்றிய கணக்கும் இதனோடு சேர்ந்தது. இரண்டு தாக்குதல் வீரர் ஒரே இடத்துக்கு ஓடினால், எதிரணியின் ஒரு காவலரே இருவரையும் பார்த்துக்கொள்ளலாம். அவர்கள் விலகி நின்றால் இரு காவலர் தேவைப்படுவர். அவ்விருவருக்கும் இடையே ஒரு வழி பிறக்கும். ஒருவர் காவலரை இழுத்துச் செல்வதற்காகவே ஓட, மற்றொருவர் அவ்வாறு பிறந்த வெற்றிடத்திற் புகுவார். முதலாமவர் பந்தைத் தொடுவதே இல்லை. ஆயினும் கோலிற் பாதி அவருடையது. தன் ஓட்டத்தின் பயன் இன்னதென்று அறியாதவர் அவ்வாறு வெறுங்காலோடு ஓட இசைவாரா?

மூன்றாவதாக, முன்னே செல்பவர் பின்னே விட்டுச் செல்லும் இடத்தை யார் நிரப்புவர் என்ற வினா உண்டு. தாக்குதலின் துணிவு முன்வரிசையில் மாத்திரம் பிறப்பதில்லை. பந்து பறிபோனாலும் பின்னே ஒருவர் இருக்கின்றார் என்ற நம்பிக்கையே கால்களுக்குத் துணிவைத் தருகின்றது. அந்நம்பிக்கை இல்லாதவிடத்து மிகச் சிறந்த கலைஞரும் அரைமனத்தோடுதான் முன்னேறுவர்.

சகாலோவின் வாழ்வு இம்மூன்றாவது உண்மையோடு நெருங்கிய தொடர்புடையது. தொடக்கத்தில் அவர் இடப்பக்க உள்முன்னணி வீரராக, அதாவது கோல் அடிக்கவும் ஆட்டத்தை நடத்தவும் உரிய இடத்தில் ஆடியவர். அவ்விடத்துக்குத் தம்மிலும் திறமை மிக்கோர் நாட்டிற் பலர் உளர் என்பதை உணர்ந்து இடப்பக்க ஓரத்துக்கு மாறினார். 1958 இற் சுவீடனுக்குச் சென்ற பிறேசில் அணி, பின்னே நால்வர், நடுவே இருவர், முன்னே நால்வர் என்ற அமைப்பைக் கொண்டிருந்தது. தாக்குதலுக்கு நால்வரும் காவலுக்கு நால்வரும் என்பது கேட்பதற்கு அழகாயிருப்பினும், நடுவிலே சிட்டோ, டிடி என்னும் இருவரை மாத்திரம் விட்டுவைப்பது ஆபத்தானது. அவ்வாபத்தைத் தீர்த்தவர் சகாலோ. பந்து தம் அணியிடம் இருக்கும்போது முன்வரிசையின் நான்காமவராகவும், அது பறிபோனவுடன் நடுவரிசையின் மூன்றாமவராகவும் அவர் ஓடினார். இடப்பக்கக் காவலரான நில்ற்றன் சந்தோசுக்குத் துணையாகப் பின்னே இறங்கினார். எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் கிஜ்ஜா ஓடிய அதே பக்கத்தில், பிகோட்டுக்குக் கிடைக்காத துணை இப்பொழுது நிரந்தரமாக நின்றது.

இவ்வாறு இடப்பக்கத்தில் ஒருவர் இருமடங்கு உழைத்தமையால் வலப்பக்கத்தில் மற்றொருவர் விரும்பியவாறு ஆட முடிந்தது. வளைந்த கால்களையுடைய கரிஞ்சா, தம்மை எதிர்த்து நின்றவரை மீண்டும் மீண்டும் ஏமாற்றி ஓரத்தால் ஓடியபோது, பின்னே திரும்பிப் பார்க்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. 17 வயதுப் பெலேக்கும் அவ்வாறே. அவ்வணி முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோலையும் விட்டுக்கொடுக்கவில்லை. அரையிறுதியிலும் இறுதியிலும் ஐந்து ஐந்து கோல்களை அடித்தது. ஸ்ரொக்ஹோம் நகருக்கருகே யூன் 29 ஆந் திகதி சுவீடனை ஐந்துக்கு இரண்டு என வென்ற இறுதிப் போட்டியில் நான்காவது கோல் சகாலோவினுடையது. பெலே தலையால் அடித்த கடைசிக் கோலுக்குப் பந்தை அனுப்பியவரும் அவரே. பிறேசில் மக்கள் பெலேயை அரசன் என்று அழைத்தனர். சகாலோவுக்கு அவர்கள் சூட்டிய பெயர் சிற்றெறும்பு.

இப்பெயரிலே ஏளனம் சிறிதும் இல்லையென்று கூறிவிட முடியாது. பெப்பே போன்று இடிபோல உதைக்கும் இடப்பக்க வீரர் இருக்கையில் இவர் எதற்கு என்று கேட்டோரும் இருந்தனர். பெப்பே காயமுற்றிருந்தமையும் சகாலோவுக்கு வாய்ப்பளித்தது. எனினும் நான்கு கலைஞரை முன்னே நிறுத்தும் ஓரணிக்கு ஐந்தாவது கலைஞரிலும் ஓர் எறும்பே தேவைப்பட்டது என்பதை அன்றைய முடிவு உணர்த்தியது.

பங்குத் தெளிவு என்பதை நிற்குமிடத் தெளிவு என்று கொள்ளுதல் தவறு. இவ்வேறுபாட்டை 1953 நவம்பர் 25 ஆந் திகதி இலண்டன் வெம்பிளி அரங்கில் இங்கிலாந்து அணி பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. அன்று ஹங்கேரி அணி அதனை ஆறுக்கு மூன்று என வென்றது. ஐரோப்பியக் கண்டத்து நாடொன்று இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் வென்றது அதுவே முதன்முறை. இங்கிலாந்து வீரருக்குக் கடமை தெளிவாகவே வகுக்கப்பட்டிருந்தது. ஐந்தாம் இலக்கம் அணிந்த நடுக்காவலர், எதிரணியின் ஒன்பதாம் இலக்கம் அணிந்த நடு முன்னணி வீரரைக் காவல் செய்தல் வேண்டும். அந்த ஒன்பதாம் இலக்கத்தை அணிந்து வந்த ஹிடெக்குட்டி முன்னே நிற்கவில்லை. அவர் நடுக்களத்துக்குப் பின்வாங்கி நின்று, அங்கிருந்தே பந்தைப் பகிர்ந்தார். எட்டாம், பத்தாம் இலக்கங்களை அணிந்த கொச்சிஷ், புஷ்காஷ் ஆகிய இருவரும் முன்னே கூர்முனைகளாயினர்.

இங்கிலாந்தின் நடுக்காவலர் ஹரி ஜோன்ஸ்ரன் இருதலைக் கொள்ளி எறும்பானார். ஹிடெக்குட்டியைப் பின்தொடர்ந்து சென்றால் அவருக்குப் பின்னே வாயில் திறந்துவிடும். சென்றிலரேல், ஹிடெக்குட்டி எவருடைய இடையூறுமின்றி ஆட்டத்தை நடத்துவார். முதல் நிமிடத்திலேயே கோலடித்த ஹிடெக்குட்டி அன்று மொத்தம் மூன்று கோல்களை அடித்தார். ஜோன்ஸ்ரனுக்குக் கடமை தெரிந்திருந்தது. அதன் நோக்கம் விளக்கப்பட்டிருக்கவில்லை. யாரைப் பின்தொடர வேண்டும் என்று அறிந்திருந்தார். எதனைக் காப்பதற்காக என்பது அக்கட்டளையில் அடங்கியிருக்கவில்லை. ஹங்கேரியரோ இடங்களை இடையறாது மாற்றிக்கொண்டபோதும் தத்தம் நோக்கத்தை ஒருபோதும் மாற்றவில்லை. ஒருவர் பந்தைப் பகிர்வார். இருவர் காவலரைத் துளைப்பர். புடாயும் சிபோரும் ஓரங்களை அகலப்படுத்துவர். போசிக் பின்னிருந்து தாக்குதலைத் தொடக்கிவைப்பார். சகாரியாஷ் காவல் வரிசைக்கு இறங்கி நிற்பார். எதிரிக்கு மயக்கம் தரும் ஆட்டம், ஆடுவோருக்குத் தெளிவாயிருந்தமையாலேயே அது சாத்தியமாயிற்று. தாமும் மயங்கிப் பிறரையும் மயக்குதல் ஆகாத காரியம். ஆறு மாதங்களின் பின்னர் புடாபெஸ்ற் நகரிலே ஏழுக்கு ஒன்று என மீண்டும் ஹங்கேரி வென்றபோது, வெம்பிளி வெற்றி தற்செயலானது என்று கூறுவதற்கும் இடமில்லாது போயிற்று.

1970 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் சகாலோ பிறேசில் அணியின் பயிற்றுநராகப் பொறுப்பேற்றார். உலகக் கிண்ணத் தொடர் தொடங்குவதற்கு மூன்று மாதங்கள்கூட இருக்கவில்லை. அவர் முன்னிருந்த சிக்கல் பெரும்பாலான பயிற்றுநர் விரும்பி ஏற்கும் சிக்கலேயாயினும் அதுவும் சிக்கலே. பெலே, தொஸ்தாவோ, ஜேர்சன், றிவெலினோ, ஜெயர்சினோ என்னும் ஐவரும் தத்தம் கழகங்களில் ஆட்டத்தின் மையமாக விளங்கியவர். ஐவரும் மையமாக நிற்கும் வட்டம் உலகில் எங்கும் இல்லை. ஒரே வகைத் திறமையுடைய இத்தனை பேர் ஒன்றாக ஆட முடியுமா என்ற ஐயம் நாட்டிற் பரவலாக இருந்தது.

சகாலோ ஐவரையும் களத்தில் இறக்கினார். ஆனால் ஐவரையும் ஒரே தொழிலுக்கு விடவில்லை. கழகத்திற் பின்னிருந்து முன்னேறி ஆடிப் பழகிய தொஸ்தாவோ, இங்கே முன்னே சென்று கோலுக்கு முதுகு காட்டி நின்று, பந்தை வாங்கித் தோழருக்கு வழங்கும் தூணாக மாறினார். பெலே அவருக்குச் சற்றுப் பின்னே நின்றார். ஜெயர்சினோ வலப்பக்கத்திலிருந்து கோலை நோக்கி வெட்டிப் பாய்ந்தார். இடக்கால் வல்லவரான ஜேர்சன் நடுவிலே நின்று நெடுந்தூரப் பந்துகளை அனுப்பினார். அவருக்குப் பின்னே இளம் வீரர் குளோடோவால்டோ காவலிருந்தார். வலப்பக்கக் காவலரும் அணித்தலைவருமான கார்லோஸ் அல்பேட்டோ முன்னேறுவதற்கு உரிமை பெற்றிருந்தார். அதற்கு ஈடாக இடப்பக்கக் காவலர் எவரால்டோ பின்தங்கி நின்றார். பதினோராம் இலக்கம் அணிந்த றிவெலினோவோ இடப்பக்கத்திலிருந்து உள்ளே இறங்கி, நடுவரிசையின் மூன்றாமவரானார். ஒரு காலத்திற் சிற்றெறும்பு செய்த வேலை இப்பொழுது பேருதையாளர் ஒருவரின் கையில் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

திருக்குறளிலே தெரிந்துவினையாடல் என்று ஓர் அதிகாரம் உண்டு. இன்ன தொழிலுக்கு இன்னார் உரியர் என்று ஆராய்ந்து, ஆராய்ந்தபின் அவரிடமே அதனை ஒப்படைத்துவிடல் வேண்டும் என்பது அதன் சாரம். அரசியலுக்கு உரைக்கப்பட்ட அறிவுரை எனினும் 1970 இன் பிறேசில் அணிக்கு அது முற்றும் பொருந்துகின்றது. அந்த அணி ஆறு ஆட்டங்களிலும் வென்று 19 கோல்களை அடித்தது. ஜெயர்சினோ ஆறு ஆட்டங்களிலும் கோலடித்தார்.

ஒப்படைத்துவிடல் என்பதன் பொருளை அவ்வாண்டின் அரையிறுதி நன்கு விளக்குகின்றது. 1950 ஆம் ஆண்டுக்குப் பின்னர் உலகக் கிண்ணத் தொடரில் உருகுவே மீண்டும் பிறேசிலுக்கு எதிரே நின்றது. முதற் கோலையும் அதுவே அடித்தது. உருகுவே வீரர் ஜேர்சனை நிழல்போலத் தொடர்ந்து காவல் செய்தமையால் பிறேசிலின் தாக்குதல் முடங்கிக் கிடந்தது. அப்பொழுது ஜேர்சன் தாமாகவே ஒரு முடிவுக்கு வந்தார். தம்மைத் தொடர்பவரையும் இழுத்துக்கொண்டு பின்னே நிற்பதென்றும், குளோடோவால்டோ தம்மிடத்துக்கு முன்னேறுவதென்றும் இருவரும் ஆட்டத்தினிடையே பேசிக்கொண்டனர். இடைவேளைக்குச் சற்று முன்னர், காவலுக்கென்று நிறுத்தப்பட்ட குளோடோவால்டோ தொஸ்தாவோவிடமிருந்து பந்தைப் பெற்றுச் சமநிலைக் கோலை அடித்தார். ஆட்டம் மூன்றுக்கு ஒன்று எனப் பிறேசிலுக்கு வெற்றியாக முடிந்தது. தம் பங்கு எதற்காக உள்ளது என்பதை இருவரும் அறிந்திருந்தமையால், பயிற்றுநரின் கட்டளைக்குக் காத்திராமலே அதனைக் கைமாற்றிக்கொள்ள முடிந்தது. தெளிவில்லாத பங்கை மாற்றிக்கொள்ளவும் இயலாது. எது கொடுக்கப்படுகின்றது, எது பெறப்படுகின்றது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தாலன்றோ மாற்றம் நிகழும்!

யூன் 21 ஆந் திகதி மெக்சிக்கோ நகரின் அஸ்தேக்கா அரங்கில் நடைபெற்ற இறுதிப் போட்டியில் இத்தாலியை நான்குக்கு ஒன்று எனப் பிறேசில் வென்றது. 86 ஆவது நிமிடத்தில் விழுந்த நான்காவது கோலை இன்றும் உலகெங்கும் மீண்டும் மீண்டும் பார்க்கின்றனர். கலைஞரின் தன்னிச்சையான ஆட்டத்துக்கு உதாரணமாகவே அது பெரும்பாலும் காட்டப்படுகின்றது. உண்மை வேறு. இத்தாலியர் ஆளுக்கு ஆள் காவல் செய்வர் என்பதும், ஜெயர்சினோ செல்லுமிடமெல்லாம் அவர்களுடைய இடப்பக்கக் காவலர் பக்கெத்தி தொடர்வார் என்பதும் முன்னரே அறியப்பட்டிருந்தன. ஜெயர்சினோ வலப்பக்கத்தை விட்டு விலகினால், அங்கே பிறக்கும் வெற்றிடத்திற் கார்லோஸ் அல்பேட்டோ ஓடிவர வேண்டும் என்பது வகுக்கப்பட்ட திட்டம்.

நடந்ததும் அதுவே. முன்னணி வீரர் தொஸ்தாவோ தம் பகுதிக்கு இறங்கிவந்து பந்தை மீட்டுக்கொடுத்தார். குளோடோவால்டோ தம் பாதிக்களத்திலேயே நான்கு இத்தாலியரை ஒருவர்பின் ஒருவராகக் கடந்து றிவெலினோவுக்குக் கொடுத்தார். றிவெலினோ இடப்பக்க ஓரத்தால் முன்னே அனுப்ப, அங்கே பந்தைப் பெற்றவர் வலப்பக்க வீரராகிய ஜெயர்சினோ. பக்கெத்தியும் அவரைத் தொடர்ந்து வந்திருந்தார். ஜெயர்சினோ உள்ளே வெட்டிப் பெலேயிடம் கொடுத்தார். பெலே பதறவில்லை, பந்தை அடக்கி, ஒரு கணம் பொறுத்து, ஆளில்லாத வலப்பக்கத்துக்கு மெல்ல உருட்டிவிட்டார். பார்வையாளருக்கு அங்கே எவரும் தென்படவில்லை. பின்னர் கார்லோஸ் அல்பேட்டோ ஓடிவந்தார். ஓட்டத்தைக் குறைக்காமலே உதைத்தார். அந்த ஒரு கணப் பொறுமையே அரசனின் கலை. அக்கணத்தை அவருக்கு அளித்தது, தோழன் வருவான் என்ற அறிவு.

இங்கே ஒரு மறுப்பு எழுதல் இயல்பு. 1974 இல் உலகையே வியக்கவைத்த நெதர்லாந்து அணியில் எவருக்கும் நிலையான இடம் இருக்கவில்லையே, காவலர் தாக்கினர், தாக்குவோர் காத்தனர், நடு முன்னணி வீரர் எனப்பட்ட குறைவ் களமெங்கும் திரிந்தார், அவ்வாறாயிற் பங்குத் தெளிவு எங்கே என்று கேட்கலாம். விடிய விடிய நடைபெறும் நாட்டுக்கூத்தை அறிந்தோருக்கு இதன் விடை புதிதன்று. அங்கே அரச பாத்திரம் ஒன்றை ஓரிரவில் ஒருவர்பின் ஒருவராகப் பலர் ஏற்று ஆடுவதுண்டு. ஆடுவோர் மாறுவர், பாத்திரம் மாறாது. பயிற்றுநர் மிக்கெல்ஸ் உருவாக்கிய அணியில் வலப்பக்கக் காவலர் முன்னேறினால் நடுவரிசையினர் ஒருவர் அவரிடத்தை நிரப்பினார். குறைவ் பின்வாங்கினால் மற்றொருவர் முன்னே பாய்ந்தார். எந்நேரமும் ஓரங்கள் அகன்றிருந்தன. எந்நேரமும் பின்னே காவல் இருந்தது. பங்குகள் அழிக்கப்படவில்லை, ஒவ்வொருவரும் பல பங்குகளைக் கற்றிருந்தனர். ஒரு பங்கைத் தெளிவாக அறிதலினும் பல பங்குகளைத் தெளிவாக அறிதல் கடினமானது. எனவே அவ்வணி தெளிவின்மையின் வெற்றி அன்று. மேலான தெளிவின் விளைவு.

பங்கு மயங்கினால் நேர்வது யாது என்பதற்கும் பிறேசிலிலிருந்தே சான்று கிடைக்கின்றது. 2006 இல் ஜேர்மனிக்குச் சென்ற அணியின் பயிற்றுநர் கார்லோஸ் அல்பேட்டோ பரெய்ரா. 1970 இல் அணியின் உடற்பயிற்சிப் பிரிவிற் பணியாற்றிய இளைஞர் அவர். ஒருங்கிணைப்பாளராக அவருக்கு அருகே அமர்ந்திருந்தவர் சகாலோ. றொனால்டினோ, காக்கா, றொனால்டோ, அட்ரியானோ என்னும் நால்வரும் மந்திரச் சதுரம் என்று புகழப்பட்டனர். முந்திய ஆண்டு யூன் 29 ஆந் திகதி, அதே நாட்டின் பிறாங்க்போட் நகரிலே, வேறொரு தொடரின் இறுதிப் போட்டியில் ஆர்ஜென்ரீனாவை நான்குக்கு ஒன்று எனப் பிறேசில் வென்றிருந்தது. அன்றைய நால்வருள் றொனால்டோ இருக்கவில்லை. அவரிடத்தில் இளைஞர் றொபினோ ஆடினார். றொபினோ ஓரங்களுக்கு ஓடுவார். காவலரை இழுத்துச் செல்வார். அட்ரியானோ நடுவிலே நிற்பார். இருவர் வேலையும் வேறுவேறு.

2006 இற் பெரும் புகழுடைய றொனால்டோ திரும்பிவந்தார். அவரும் அட்ரியானோவும் ஒரே இடத்துக்கு, ஒரே தொழிலுக்கு உரியவர். அவ்விருவரும் நடுவை அடைத்து நின்றமையாற் பின்னிருந்த காக்காவும் றொனால்டினோவும் புகுவதற்கு வெற்றிடம் அருகியது. அவ்வாண்டில் உலகின் தலைசிறந்த வீரராகக் கருதப்பட்ட றொனால்டினோ அத்தொடரில் ஒரு கோலும் அடிக்கவில்லை. காலிறுதியிற் பிரான்சைச் சந்தித்தபோது பரெய்ரா அமைப்பை மாற்றினார். அட்ரியானோ வெளியே இருத்தப்பட்டார். நடுவரிசையில் யூனின்யோ சேர்க்கப்பட்டார். றொனால்டினோ முன்னே தள்ளப்பட்டார். தொடரின் மிகக் கடினமான ஆட்டத்தில், ஆடிப் பழகாத ஓர் ஒழுங்கில் வீரர் இறங்கினர். அதே பிறாங்க்போட் நகரிலே, யூலை 1 ஆந் திகதி, 57 ஆவது நிமிடத்தில் சிடான் உதைத்த தனி உதையைக் காவலின்றி நின்ற ஹென்றி கோலாக்கினார். பிறேசில் ஒன்றுக்கு பூச்சியம் எனத் தோற்றது.

ஒரு தோல்விக்கு ஒரே காரணம் இருப்பதில்லை. சில வீரரின் உடல்நிலை தளர்ந்திருந்தது. சிலருக்கு வயது ஏறியிருந்தது. சிடான் அன்று ஒப்பற்ற ஆட்டத்தை ஆடினார். இவற்றையெல்லாம் விலக்கிவிட்டுப் பங்கு மயக்கத்தை மாத்திரம் குற்றஞ்சாட்டுதல் நேர்மையாகாது. ஆயினும், ஈராண்டின் அணிகளையும் ஒப்புநோக்குவோருக்கு ஒன்று புலப்படும். புகழாற் கூடிய அணி ஆட்டத்தாற் குறைந்தது. 1970 இற் சகாலோ ஐவரிடமும் ஏதோ ஒன்றைக் கேட்டு வாங்கினார். தொஸ்தாவோவிடம் பழகிய இடத்தை, றிவெலினோவிடம் விருப்பப்படி திரியும் உரிமையை. 2006 இல் நால்வரும் தத்தம் இடத்தையே விரும்பினர்; எதையேனும் விட்டுக்கொடுக்குமாறு அவர்களிடம் எவரும் உறுதியாகக் கேட்டதாகத் தெரியவில்லை. வந்தவர் அனைவரும் அரசராயிருக்க, எறும்பாக இருக்க ஒருவரும் இல்லை.

பங்குத் தெளிவு வெற்றிக்கு உதவுவதோடு நின்றுவிடுவதில்லை. அது நீதியின் பாற்பட்டதுமாகும். ஒவ்வொருவர் கடமையும் அணிக்குள் அறியப்பட்டிருந்தாற் கண்ணுக்குத் தெரியாத உழைப்பும் மதிக்கப்படும். பந்தைத் தொடாமலே காவலரை இழுத்துச் சென்றவரைத் தோழர் அறிவர். முன்னேறியவரின் இடத்தை நிரப்பி நின்றவரை அறிவர். தெளிவில்லாத அணியிலோ கோலடித்தவர் மட்டுமே நினைவில் நிற்பார். பழியும் அவ்வாறே. தவறு எங்கே தொடங்கியது என்று வகுத்துக் காட்ட முடியாதபோது, அது கடைசியாக எவர் முன்னே முடிந்ததோ அவர் தலையில் முழுப்பழியும் விழுந்துவிடும். பார்போசாவுக்கு நேர்ந்தது அதுவே. பிகோட்டுக்குத் துணை செல்ல வேண்டியவர் யார் என்று வகுக்கப்படாத ஓரணியின் முழுக் குறையையும் ஒரு மனிதர் ஐம்பது ஆண்டுகள் சுமந்தார்.

2022 டிசெம்பர் 29 ஆந் திகதி பெலே மறைந்தார். ஓராண்டு கழித்து, 2024 யனவரி 5 ஆந் திகதி, 92 ஆவது வயதிற் சகாலோவும் மறைந்தார். 1958 இன் இறுதிப் போட்டியில் ஆடிய பதினொரு பிறேசில் வீரருள் கடைசிவரை உயிரோடிருந்தவர் அவரே. 1958, 1962 ஆகிய ஆண்டுகளில் வீரராகவும், 1970 இற் பயிற்றுநராகவும், 1994 இல் ஒருங்கிணைப்பாளராகவும் நான்கு உலகக் கிண்ண வெற்றிகளிற் பங்கு கொண்டவர். அவரிலும் அழகாகப் பந்தாடியோர் அவருடைய அணியிலேயே பலர் இருந்தனர். அந்த அழகு வெளிப்படுவதற்குத் தேவையான இடத்தையும் காலத்தையும் தம் ஓட்டத்தாற் பெற்றுக்கொடுத்தவர் அவர்; பின்னர் அவ்வாறு பெற்றுக்கொடுக்குமாறு பிறருக்குக் கற்பித்தவரும் அவர். அரசனின் ஆட்டத்தை வியப்போர், அது நிகழ்ந்த நேரத்தில் எறும்பு எங்கே ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் ஒருமுறை நோக்குவராயின், உதைபந்தாட்டத்தை இன்னும் சிறிது ஆழமாகச் சுவைக்க முடியும்.